மூன்று கொடிகள், ஒரே மண்: எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடர் இணையவழிக்கு மாறியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் வேலந்தாவளத்தில், 2012 ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. அது நண்பனின் அண்ணனுடையது. அவர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரங்களில் மட்டும் எங்கள் கைக்கு வரும். அதில்தான் எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் ‘ஸ்கைரிம்’ விளையாடினோம். ஒருவன் மவுஸைப் பிடித்திருப்பான், இன்னொருவன் எந்தக் குகைக்குள் நுழையலாம் என்று சொல்வான், நான் கடைசியாக எப்போது சேவ் செய்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வேன். ஒரே ஆள் விளையாடுவதற்கென்று செய்யப்பட்ட விளையாட்டை ஏறக்குறைய ஓராண்டுக் காலம் நாங்கள் மூவராக, ஒரே வீரனுக்குள் உட்கார்ந்து விளையாடினோம்.

2015 இல் மூவரிடமும் தனித்தனிக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒருவன் பொள்ளாச்சியில், ஒருவன் பாலக்காட்டு நகரத்தில், நான் ஊரிலேயே. அதே தொடரின் இணையவழி வடிவமான ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ அந்த ஆண்டு மார்ச்சில் மாதக் கட்டணத்தைக் கைவிட்டிருந்ததால் மூவரும் வாங்கினோம். பலர்கூடி ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட அந்த விளையாட்டில், முதல் நாளே நாங்கள் ஒருவரையொருவர் சந்திக்க முடியாது என்பதைக் கண்டுகொண்டோம். தனியாள் விளையாட்டில் சேர்ந்திருந்த மூவர் கூட்டு விளையாட்டில் பிரிந்துபோனது எப்படி என்ற கேள்வியே இந்த ஆய்வின் தொடக்கம். அதற்கு விடை தேடினால், மக்கள் பெரிதும் நேசித்த ஒரு கற்பனை உலகத்தைக் கூட்டத்துக்குத் திறந்துவிடும்போது எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் தயாரிப்பாளர்கள் முதலில் தவறாகக் கணித்து, பிறகு இரண்டரை ஆண்டுகளில் திருத்திக்கொண்ட வரலாறு கிடைக்கிறது.

தொடரின் இயல்பு

பெதஸ்டா நிறுவனத்தின் இந்தத் தொடர் 1994 இல் ‘அரீனா’வுடன் தொடங்கியது. 1996 இல் ‘டாகர்ஃபால்’, 2002 இல் ‘மாரோவிண்ட்’, 2006 இல் ‘ஆப்லிவியன்’, 2011 நவம்பரில் ‘ஸ்கைரிம்’ என்று, டாம்ரியல் என்ற ஒரே கண்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் இவை நிகழ்கின்றன. பெரும்பாலானவற்றில் நாயகன் ஒரு கைதியாகத் தொடங்குகிறான்; விலங்கு கழன்றதும் எந்தத் திசையிலும் நடக்கலாம். முக்கியக் கதை ஒன்று உண்டென்றாலும் அதைத் தொடாமலே நூறு மணி நேரம் விளையாடியவர்கள் ஏராளம். எங்கள் ஸ்கைரிம் வீரனும் முதல் இரண்டு மாதங்கள் கதைப்பக்கமே போகவில்லை.

இந்த உரிமைக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்ப அடிப்படை இருக்கிறது. தனியாள் விளையாட்டில் உலகம் முழுவதும் ஒரே ஆளின் கம்ப்யூட்டரில், அவர் ஒருவருக்காக மட்டும் இயங்குகிறது. மேசைமேல் இருக்கும் கோப்பையை எடுத்து வேறிடத்தில் வைத்தால், அந்த மாற்றம் சேவ் கோப்பில் எழுதப்பட்டு, மாதங்கள் கழித்துத் திரும்பினாலும் கோப்பை அங்கேயே இருக்கும். மெனுவைத் திறந்தால் உலகமே மூச்சை நிறுத்திக்கொள்ளும். மாரோவிண்டில் கதைக்கு இன்றியமையாத ஒருவரைக்கூடக் கொன்றுவிடலாம். தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்துவிட்டது என்று விளையாட்டு எச்சரிக்கும், ஆனால் கையைப் பிடித்துத் தடுக்காது. போதாக்குறைக்கு, மாரோவிண்டிலிருந்து தயாரிப்பாளர்கள் தங்கள் உருவாக்கக் கருவியையே ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வேண்டாததை நீக்கவும் விரும்பியதைச் சேர்க்கவும் முடிந்தது.

எங்கள் மாவட்டத்துப் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்று தனிக் கட்டடம் உண்டு. அங்கே வரிசையாகத் தேங்காய் மூடி விளக்குகளை ஏற்றி, கம்பன் பாட்டைச் சொல்லி, தோற்பாவைக் கூத்து நடத்துவார்கள். தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காணத் தவறிய பத்ரகாளிக்காகவே அது நடத்தப்படுகிறது என்பது மரபு. எதிரே மனிதர் ஒருவரும் இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடம்தான் நினைவுக்கு வரும். பார்க்கும் ஒருவருக்காகவே திரைக்குப் பின்னால் ஒரு முழு உலகம் அசைகிறது. அந்த ஒருவரின் இடத்தில் ஆயிரம் பேரை உட்கார வைப்பது எளிய வேலை அல்ல.

அமைப்பு எங்கிருந்து வந்தது

பெதஸ்டாவின் தாய் நிறுவனமான செனிமேக்ஸ், 2007 இல் ‘செனிமேக்ஸ் ஆன்லைன் ஸ்டூடியோஸ்’ என்ற தனிக் கூடத்தை நிறுவி, அதன் தலைமையை மாட் ஃபைரரிடம் ஒப்படைத்தது. இது ஸ்கைரிமைச் செய்த குழு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபைரர் அதற்கு முன் 2001 இல் வெளிவந்த ‘டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்’ என்ற இணைய விளையாட்டின் முதன்மையாளர்களில் ஒருவர். ஆல்பியன், மிட்கார்ட், ஹைபர்னியா என்ற மூன்று நாடுகள் எல்லைப்புறத்தில் ஒன்றோடொன்று மோதுவதுதான் அதன் உயிர்நாடி. இருவர் மோதினால் வலியவர் வென்றுவிடுவார்; மூவர் மோதினால் வலியவருக்கு எதிராக மற்ற இருவரும் சேர்ந்து சமநிலையை மீட்பார்கள். நல்ல அமைப்பு, நிரூபிக்கப்பட்ட அமைப்பு.

2012 மே மாதத்தில் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ அறிவிக்கப்பட்டபோது அதே மும்முனைப் போர் டாம்ரியலுக்குள் வந்திருந்தது. ஸ்கைரிமுக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகள் முந்தைய இரண்டாம் யுகத்தில், பேரரசரின் அரியணை காலியாகக் கிடந்த காலத்தைக் கதைக்களமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அது மிகச் சரியான தேர்வு என்பது என் கருத்து. தெரிந்த கதைகளோடு மோதாமல் புதியது சொல்ல அந்த இடைவெளி இடம் கொடுத்தது. ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கக்கூடிய பத்து இனங்களில் ஒன்பது மூன்று கூட்டணிகளாகப் பிரிக்கப்பட்டன: பிரெட்டன், ரெட்கார்ட், ஓர்க் ஆகியோர் டாகர்ஃபால் உடன்படிக்கையிலும், நார்ட், டார்க் எல்ஃப், ஆர்கோனியன் ஆகியோர் எபன்ஹார்ட் ஒப்பந்தத்திலும், ஹை எல்ஃப், உட் எல்ஃப், கஜீத் ஆகியோர் ஆல்ட்மெரி ஆதிக்கத்திலும் சேர்க்கப்பட்டனர். பத்தாவதான இம்பீரியல் இனம் விலை கூடிய பதிப்பை வாங்கியவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

இங்கேதான் பிழை நிகழ்ந்தது. கேமலாட் விளையாட்டில் நாடுகளுக்கிடையே சுவர் இருந்தால் யாரும் வருந்தமாட்டார்கள், ஏனெனில் அங்கே சுவர்தான் விளையாட்டு. டாம்ரியலிலோ எங்கும் போகலாம் என்பதுதான் விளையாட்டு. ஒரு கூட்டணியில் பிறந்தவன் தன் கூட்டணிக்குரிய, கண்டத்தின் மூன்றிலொரு பங்கு நிலத்தில்தான் நடமாடலாம். மற்ற இரண்டு பங்கும் அவனுக்கு அடைபட்டுக் கிடந்தது. அந்த மூன்றிலொரு பங்கிலும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நிர்ணயிக்கப்பட்ட நிலை உண்டு. பத்தாம் நிலை வீரன் முப்பதாம் நிலை வட்டாரத்துக்குள் நுழைந்தால் முதல் ஓநாயிடமே உயிரை விடுவான். ஆகவே வரிசை மாறாமல், ஒன்றின்பின் ஒன்றாக, பள்ளியில் வகுப்பு மாறுவதுபோல் நிலங்களைக் கடக்க வேண்டியிருந்தது.

தயாரிப்பாளர்கள் தொடரின் அடையாளங்களை அறவே மறந்தார்கள் என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் பின்னாலிருந்து பார்க்கும் கோணத்தையே முன்வைத்தவர்கள், ரசிகர்களின் எதிர்ப்பைக் கேட்டு, கையும் வாளும் கண்முன் தெரியும் முதல்நபர்ப் பார்வையைச் சேர்த்தார்கள். மவுஸின் இடப் பொத்தான் வாளை வீச, வலப் பொத்தான் தடுக்க என்று ஸ்கைரிமின் கைப்பழக்கத்தைக் காப்பாற்றினார்கள். கதைமாந்தர் அனைவருக்கும் குரல் கொடுத்தார்கள். கண்பார்வை இழந்த முனிவருக்கு நடிகர் மைக்கேல் கேம்பனும், தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு திரியும் கேட்வெல்லுக்கு நடிகர் ஜான் கிளீஸும் பேசினார்கள். முகத்தையும் குரலையும் கைப்பழக்கத்தையும் காப்பாற்றியவர்கள், நடையைக் காப்பாற்றவில்லை.

2014 ஏப்ரல்

2014 ஏப்ரல் 4 அன்று விளையாட்டு கம்ப்யூட்டர்களுக்கு வெளிவந்தது. விலை 59.99 டாலர், அதற்குமேல் மாதம் 14.99 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 3,600 ரூபாயும், மாதந்தோறும் 900 ரூபாயும் ஆகும். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது நினைத்துப் பார்க்கக்கூடிய தொகையே அல்ல. 2011 டிசம்பரில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ ஓராண்டுக்குள்ளாகவே மாதக் கட்டணத்தைக் கட்டாயமாக்கும் முறையைக் கைவிட நேர்ந்தது என்ற எச்சரிக்கை கண்முன் இருந்தும், இவர்கள் அதே வழியில் போனார்கள்.

வெளிவந்த சில வாரங்களிலேயே கில்டு வங்கியில், அதாவது ஆட்டக்காரர் குழுவின் பொதுப் பெட்டகத்தில், வைத்த பொருளை இரட்டிப்பாக்கும் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது. தனியாள் விளையாட்டில் இப்படியொரு கோளாறு கிடைத்தால் அது ஒருவரின் ரகசியக் குறும்பு, அவ்வளவுதான். ஸ்கைரிமில் நாங்களும் செய்திருக்கிறோம். பலர் சேர்ந்து வாங்கி விற்கும் உலகத்தில் அதே கோளாறு அனைவரின் பையிலும் கைவைக்கிறது. குகைகளின் கடைசி அறையில், அரக்கன் எழும் இடத்தில், தானியங்கி நிரல்களால் இயக்கப்படும் வீரர்கள் கூட்டமாக நின்று, அவன் எழுந்த நொடியில் கொன்று பொருளை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இவை எல்லாம் பழுது பார்க்கக்கூடியவை. கதையே தன்னோடு முரண்பட்டதுதான் ஆழமான சிக்கல். ஆட்டக்காரர் ஆன்மா பறிக்கப்பட்டவராக, மோலக் பால் என்ற அசுரத் தலைவனின் கோல்ட்ஹார்பர் சிறையில் கண் விழிக்கிறார். முனிவர் அவரைத் தனித்தெடுத்து, உலகைக் காக்க வந்தவர் நீ ஒருவர்தான் என்கிறார். அதே நொடியில் அதே சிறைக்கூடத்தில், அதே கந்தல் உடையில், இன்னும் நாற்பது பேர் அதே கதவை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். எரியும் ஊரைக் காப்பாற்றியவருக்கு அந்த ஊர் காப்பாற்றப்பட்டதாகத் தெரியவேண்டும். காப்பாற்றாதவருக்கு எரிவதாகத் தெரியவேண்டும். இதற்காக ஒரே இடத்தின் பல அடுக்குகளைச் செய்து, கதையில் வெவ்வேறு கட்டத்தில் இருப்பவர்களை வெவ்வேறு அடுக்கில் வைத்தார்கள். விளைவு, ஒரே கூட்டணியில் இருக்கும் நண்பர்கள்கூட, ஒருவர் இரண்டு படி முந்திவிட்டால், பக்கத்தில் நின்றும் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள்.

இந்த முரணைத் தீர்க்கும் திறவுகோல் தொடருக்குள்ளேயே இருந்தது என்பதை நான் வலியுறுத்த விரும்புகிறேன். டாகர்ஃபால் விளையாட்டுக்குப் பல முடிவுகள் உண்டு; எந்த அரசனுக்கு ஆட்டக்காரர் உதவுகிறாரோ அதற்கேற்ப வரலாறு மாறும். அடுத்த விளையாட்டைச் செய்தபோது எந்த முடிவு உண்மை என்ற கேள்வி எழுந்தது. தயாரிப்பாளர்கள் எதையும் தள்ளவில்லை. காலம் சிறிது நேரம் முறிந்து, முரண்பட்ட முடிவுகள் அத்தனையும் ஒருசேர நடந்தன என்று எழுதி, அந்த முறிவையே டாம்ரியல் வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியாக்கிவிட்டார்கள். எல்லோருடைய வெற்றியும் உண்மை என்று சொல்லும் துணிவு இருந்த ஓர் உலகம் அது. இணையவழி வடிவத்தில் அந்தத் துணிவை மையத்தில் வைத்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

2015 மார்ச் 17 அன்று ‘டாம்ரியல் அன்லிமிட்டெட்’ என்ற பெயரில் மாதக் கட்டணம் விருப்பத்துக்குரியதாக மாற்றப்பட்டது. ஒருமுறை வாங்கினால் போதும் என்றான பிறகே நாங்கள் உள்ளே வந்தோம். மூவரும் அவரவர் விருப்பத்துக்கு இனத்தைத் தேர்ந்தெடுத்தோம். நான் நார்ட், பொள்ளாச்சிக்காரன் பிரெட்டன், பாலக்காட்டுக்காரன் பூனை முகம் கொண்ட கஜீத். மூன்று இனம், மூன்று கூட்டணி. எந்த இனமும் எந்தக் கூட்டணியிலும் சேரலாம் என்ற சலுகை தனியாக விற்கப்பட்டது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். நாங்கள் சந்திக்கக்கூடிய நிலம் ஒன்றே ஒன்று: சிரடீல் என்ற போர்க்களம். அங்கே ஒருவரையொருவர் கொல்லலாம். சேர்ந்து நடக்க முடியாது. “நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், அவன் வேறொரு பக்கம், அப்புறம் எதுக்குடா ஒரே கேம்?” என்று பொள்ளாச்சிக்காரன் போனில் கேட்டான்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது உடனே உறைக்கும். சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்து, 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தின் பகுதியானது. கோடு விழுந்தது தாள்களில். எங்கள் வீடுகளில் தமிழ் அப்படியே இருந்தது. நில வரி கட்ட சித்தூருக்கும், துணி எடுக்கப் பொள்ளாச்சிக்கும், பெண் கொடுத்து எடுக்க இரு பக்கமும் போய்வருகிறோம். கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடப்பது எங்களுக்குத் தெருவைக் கடப்பது போன்றது. எல்லை என்பது அடையாளத்துக்கு இருக்கலாம், நடைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்பதைப் பழக்கத்தால் அறிந்தவர்கள், டாம்ரியலின் சுவரை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

மற்ற கூட்டணிகளின் நிலங்களைப் பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். தன் கூட்டணியின் கதையையும் முக்கியக் கதையையும் முடித்து, ஐம்பதாம் நிலையைத் தொட்ட பிறகு, கேட்வெல் காட்டும் மாயக்காட்சி போல மற்ற இரண்டு கூட்டணிகளின் கதைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடலாம். நண்பனின் ஊரைப் பார்க்க ஆறு மாத உழைப்பு. நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

2016 அக்டோபரில் வந்த ‘ஒன் டாம்ரியல்’ என்ற மாற்றம் இந்தச் சுவர்களைத் தகர்த்தது. கண்டம் முழுவதையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, எந்த நிலையில் உள்ள வீரனையும் அந்த அளவுக்கு உயர்த்திவிட்டார்கள். நேற்றுப் பிறந்தவனும் ஆயிரம் மணி நேரம் ஆடியவனும் தோளோடு தோள் நின்று ஒரே அரக்கனை அடிக்கலாம். சிரடீல் போன்ற போர்க்களங்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் கூட்டணி வேறுபாடு நடைக்கும் நட்புக்கும் தடையாக இல்லாமல் போனது. ஆப்லிவியனில் நாயகன் வளர வளரப் பகைவர்களும் வளர்ந்து, வழிப்பறிக்காரன்கூட விலையுயர்ந்த கவசத்தில் நிற்பதைக் கண்டு பலர் எரிச்சலடைந்தார்கள். அதே கருத்தைத் தலைகீழாக்கி, பகைவரை விட்டுவிட்டு ஆட்டக்காரரை உயர்த்தியதால் இங்கே அது பொருந்தியது.

முடித்துவிட்ட ஒரு விளையாட்டின் அடித்தளத்தையே, அதில் லட்சக்கணக்கானோர் ஆடிக்கொண்டிருக்கும்போது, தோண்டி மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பகைவனின் வலிமை, ஒவ்வொரு பரிசுப் பொருள், ஒவ்வொரு கதைக்கண்ணி ஆகிய அனைத்தையும் மறுபடி எடைபோட வேண்டியிருந்தது. அந்தத் துணிவுக்காக அந்தக் குழுவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எந்தத் திசையிலும் நடக்கலாம் என்ற பழைய உரிமை வெளியீட்டுக்கு இரண்டரை ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கிடைத்தது. கிடைத்த வாரமே நாங்கள் மூவரும் முதன்முறையாக ஒரே பாலத்தில் நின்றோம்.

திரும்பி வராதவை

சில இழப்புகளுக்கு மருந்து இல்லை. கோப்பையை எடுத்து வைத்தால் அது அங்கேயே இருக்கும் என்ற உறுதி, ஆயிரக்கணக்கானோர் நடமாடும் சத்திரத்தில் சாத்தியமில்லை. ஆகவே மேசைமேல் உள்ள பெரும்பாலான பொருள்கள் ஓவியம்போல் அசையாமல் இருக்கின்றன. திருட்டுக்குத் தண்டனை என்ற நீதி அமைப்பே 2015 மார்ச்சில்தான் சேர்க்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் வீடு வாங்கும் வசதி வந்தபோது, நான்கு சுவர்களுக்குள்ளாவது பொருளை விரும்பிய இடத்தில் வைக்க முடிந்தது. விளையாட்டையே மாற்றி எழுதும் பழைய சுதந்திரம், திரைத் தோற்றத்தை மாற்றும் சிறு துணை நிரல்களாகச் சுருங்கியது.

தொலைவும் ஓர் இழப்புத்தான், அதிலும் நம் பக்கத்தவர்களுக்கு. இந்த விளையாட்டில் நாடுகளுக்குத் தனித்தனியாகச் சிறு சர்வர்கள் இல்லை. வட அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என்று மாபெரும் சர்வர்கள் மட்டுமே. பாலக்காட்டிலிருந்து நடு ஐரோப்பா நேர்கோட்டில் சுமார் 7,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், போய்வர 75 மில்லிநொடியாவது ஆகும். கடலடிக் கேபிள்கள் சுற்றிவளைத்துச் செல்வதாலும் வழியில் பல இடங்களில் கை மாறுவதாலும் நடைமுறையில் அது இரட்டிப்புக்கு மேல் போகிறது. ஸ்கைரிமில் பொத்தானை அழுத்திய கணமே வாள் அசையும். ஆன்லைனில் நான் தடுத்துவிட்டேன் என்று என் திரை சொல்லும், இல்லை என்று சர்வர் சொல்லும், சர்வர் சொல்வதே தீர்ப்பு. மழைக்காலத்தில் எங்கள் ஊர் இணைப்பு தள்ளாடும்போது கோட்டைக் காவலுக்கு என்னை யாரும் அழைப்பதில்லை.

வருமான வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாதக் கட்டணம் விருப்பத்துக்குரியது என்றாலும், கைவினைப் பொருள்களை அளவின்றிச் சேர்க்கும் பை கட்டணம் செலுத்துவோருக்கு மட்டுமே. பை நிறைந்து ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் எதையாவது எறிந்துகொண்டிருப்பவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? 2016 இன் இறுதியில் வந்த, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளை நான் ஏற்கவில்லை. என் தங்கை மகன் ஆட ஆசைப்பட்டபோது அந்தக் கடைப் பக்கத்தை மட்டும் பூட்டிவைத்துக் கொடுத்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க

இந்தப் பாதையில் முன்னே போனவர்களும் உண்டு. 1981 முதல் தனியாளுக்காக வளர்ந்த ‘அல்டிமா’ தொடர் 1997 இல் ‘அல்டிமா ஆன்லைன்’ ஆனபோது, புல்லை மான் மேய, மானை ஓநாய் தின்ன என்று ஓர் உயிர்ச்சூழலையே அமைத்திருந்தார்கள். உள்ளே வந்த கூட்டம் கண்ணில் பட்டதையெல்லாம் கொன்று தீர்த்ததால் அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ‘ஃபைனல் ஃபேன்டசி’யின் பதினான்காம் விளையாட்டு 2010 இல் இணையத்தில் வந்து தோற்று, 2012 இல் மூடப்பட்டு, 2013 இல் புதிதாகக் கட்டி எழுப்பப்பட்டது.

இவற்றைவிட நெருக்கமான பாடம் பெதஸ்டாவின் சொந்த வீட்டிலேயே இருக்கிறது. 2018 நவம்பரில் அவர்கள் ‘ஃபால்அவுட் 76’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதுவும் தனியாள் தொடர் ஒன்றின் இணைய வடிவம். ஆட்டக்காரர்களே உலகத்தை நிரப்பிக்கொள்வார்கள் என்று நம்பி, பேசும் மனித மாந்தர் ஒருவரையும் வைக்காமல் விட்டார்கள். ஆட்டக்காரர்கள் நிரப்பவில்லை. 2020 ஏப்ரலில் மனிதர்களைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே அந்த உலகம் மூச்சு விட்டது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் நிலத்தைப் பூட்டித் தவறு செய்தது, ஃபால்அவுட் நிலத்தைத் திறந்துவைத்து ஆளைக் காலிசெய்து தவறு செய்தது.

ரசிகர்கள் உண்மையில் கேட்டது என்ன என்பதற்கு, அவர்கள் தாங்களே செய்துகொண்டதைவிட நல்ல சான்று இல்லை. மாரோவிண்டைச் சேர்ந்து ஆட ‘டெஸ்3எம்பி’ என்ற மாற்றத்தை ஆர்வலர்கள் உருவாக்கினார்கள். ஸ்கைரிமுக்கு 2022 ஜூலையில் ‘ஸ்கைரிம் டுகெதர் ரீபார்ன்’ வந்தது. அது ஆயிரம் பேருக்காகச் செய்யப்படவில்லை, இருவரிலிருந்து எட்டுப் பேர் வரையிலான சிறு குழுக்களை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. ஒரே கம்ப்யூட்டர் முன் மூவராக உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த எண்ணிக்கை எவ்வளவு சரி என்று தெரியும்.

அடைபட்ட சாலையும் திறந்த நிலமும்

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது கோபாலபுரம், வேலந்தாவளம் வழிகள் அடைபட்டன. மே மாதம் வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை கடக்க முடியவில்லை. பத்து நிமிடத் தொலைவில் இருந்த அக்காள் வீட்டுக்கு என் அம்மாவால் போக முடியவில்லை. அதே மே மாதத்தில் ஆன்லைனில் ‘கிரேமூர்’ என்ற விரிவாக்கம் வெளிவந்து, ஸ்கைரிம் நிலத்தின் மேற்குப் பகுதியைத் திறந்தது. பொள்ளாச்சிக்காரன், பாலக்காட்டுக்காரன், நான் ஆகிய மூவரும், 2012 இல் ஒரே திரையில் ஒரே வீரனாக ஏறிய சாலிட்யூட் நகரத்தின் வாசலில், ஆளுக்கொரு உடலோடு நின்றோம். நாங்கள் சண்டை போடவில்லை. சுவரோரமாக நடந்து, அந்தப் பாறை வளைவின் அடியில் கப்பல்கள் நிற்கும் இடம் வரைக்கும் போய், விடியும் வரை பேசிக்கொண்டிருந்தோம். 2014 இல் இருந்த சுவர் அப்போதும் இருந்திருந்தால் அந்த இரவு எங்களுக்கு வாய்த்திருக்காது.

செனிமேக்ஸ் ஊடக நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்குவதாக 2020 செப்டம்பரில் அறிவித்து, 2021 மார்ச்சில் வாங்கி முடித்தது. பத்தாண்டு நிறைவில் 2.4 கோடிப் பேர் ஆன்லைனை ஆடியிருப்பதாகச் சொல்லப்பட்டது. 2025 ஜூலையில் அந்த ஸ்டூடியோ பல ஆண்டுகளாகச் செய்துவந்த புதிய விளையாட்டு கைவிடப்பட்டது. பலர் வேலை இழந்தார்கள், ஃபைரரும் விலகினார். இதே ஆன்லைனோடு 2014 இல் போட்டியிட வந்த ‘வைல்ட்ஸ்டார்’ 2018 இல் சர்வரை அணைத்தபோது அதன் நிலங்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின என்பதை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி அச்சம் தருவது இயல்பு. மாரோவிண்டின் வார்டன்ஃபெல் தீவை 2017 ஜூனில் ஆன்லைனுக்குள் மறுபடி கட்டினார்கள். விவெக் நகரம் அங்கே இன்னும் கட்டி முடிக்கப்படாத நிலையில், சாரங்களோடு நிற்கிறது. அந்தத் தீவு சர்வர் இருக்கும் வரைதான். 2002 இல் வந்த பழைய தீவை வட்டிலிருந்து ஏற்றி இன்றும் ஆடலாம்.

நண்பனின் அண்ணன் அந்தப் பழைய கம்ப்யூட்டரை விற்கும்முன் அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எங்களிடம் கொடுத்திருந்தார். சென்ற ஓண விடுமுறையில் மூவரும் வேலந்தாவளத்தில் கூடியபோது அதிலிருந்த ஸ்கைரிம் சேவ் கோப்பைத் திறந்தோம். எங்கள் வீரன் வைட்ரன் வீட்டின் அடுப்பருகில், விட்ட இடத்திலேயே நின்றிருந்தான். பொள்ளாச்சிக்காரன் ஒவ்வொரு ஊரிலும் திருடிக் கொண்டுவந்து மேசைமேல் அடுக்கிய பாலாடைக்கட்டிகள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. பாலக்காட்டுக்காரன் மவுஸைப் பிடித்தான்; எங்கே போகலாம் என்று பொள்ளாச்சிக்காரன் சொல்லத் தொடங்கினான்; நான் முதலில் ஒரு சேவ் செய்யச் சொன்னேன்.